மூன்று நாளில் பூசான்: மகள் போட்ட பட்டியலும் அரசியின் கல்லறையும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 66. திருச்சியில் இருக்கிறோம். எங்கள் ஒரே மகள் தென்கொரியாவில் தேஜான் நகரில் ஆராய்ச்சி செய்கிறாள். அக்டோபர் மாதம் நானும் மனைவியும் அவளைப் பார்க்கப் போகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுப்பு கிடைக்கும், வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பூசானில் கடலோரம் இருந்துவிட்டு வரலாம் என்கிறாள். 14 இடங்களைக் குறித்து ஒரு பட்டியலும் அனுப்பியிருக்கிறாள். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். நான் மீன் சாப்பிடுவேன். பட்டியலில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்? இன்னொன்று: கொரியாவுக்குக் கடல் கடந்து போன தமிழ் இளவரசி செம்பவளத்தின் கல்லறை பூசானுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்கிறார்களே, அதைப் பார்க்க முடியுமா? மகளின் பட்டியலில் அது இல்லை.

பதில்:

ஐயா, வணக்கம்.

பட்டியலை இரண்டு முறை படித்தேன். அப்பா அம்மா வருகிறார்களே, ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசையில் உங்கள் மகள் போட்டிருக்கிறார். ஒவ்வொரு இடமும் நல்ல இடம்தான். ஆனால் 14 இடத்தையும் மூன்று நாளில் அடைத்தால் அம்மாவின் முழங்கால் முதல் நாள் மாலையே நின்றுவிடும். அதில் பாதி போதும். அதோடு நீங்கள் கேட்கும் கல்லறையையும் சேர்த்துவிடுகிறேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஊரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 33 லட்சம் பேர் வாழும் ஊர் பூசான், கொரியாவின் இரண்டாவது பெரிய நகரம். மலைகள் ஊருக்குள்ளேயே இறங்கி வந்து கடலைத் தொடும். மலைக்கும் மலைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான் வீடும் சாலையும் துறைமுகமும். அதனால் ஒரே நீளக் கடற்கரை அங்கே கிடையாது. மடிப்பு மடிப்பாகப் பல கடற்கரைகள். மேற்கே பழைய ஊர்: ரயில் நிலையம், துறைமுகம், ஜகல்ச்சி மீன் சந்தை, கம்ச்சொன் மலைக்குடியிருப்பு, யங்டோ தீவு. கிழக்கே புதிய ஊர்: குவாங்கல்லி, ஹேயுண்டே, சொங்ஜொங் கடற்கரைகள், அதைத் தாண்டி யோங்குங்சா என்ற கடலோரக் கோயில். வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். மெட்ரோவில் ஜகல்ச்சியிலிருந்து ஹேயுண்டே போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். கம்ச்சொன் உச்சியிலிருந்து யோங்குங்சாவுக்குப் பேருந்தும் மெட்ரோவுமாக மாறிப் போனால் இரண்டு மணி நேரத்தை நெருங்கிவிடும்.

நான் முதல்முறை ஒரு குழுவை அங்கே அழைத்துப் போனபோது காலையில் கம்ச்சொன், மதியம் யோங்குங்சா என்று ஒரே நாளில் போட்டுவிட்டேன். மாலை கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது, உங்கள் மனைவியின் வயதில் இருந்த ஒரு அம்மா மணலில் இறங்கவே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடல் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். அந்தத் தவறு என்னுடையது. அதற்குப் பிறகு யாருக்குப் பூசான் திட்டம் போட்டாலும் ஒரு நாளுக்கு ஊரின் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

உங்களுக்கு வெள்ளி கிழக்கு, சனி மேற்கு, ஞாயிறு கிம்ஹே, அதாவது அந்தக் கல்லறை இருக்கும் பக்கத்து ஊர். இந்த வரிசையை மாற்ற வேண்டாம், காரணம் இருக்கிறது.

அதற்கு முன் தேதி. அக்டோபர் நல்ல மாதம். ஜூன் கடைசியில் தொடங்கும் மழைக்காலமும் ஆகஸ்டு நெரிசலும் முடிந்திருக்கும். பகலில் 20 டிகிரியைக் கொஞ்சம் தாண்டும், இரவில் 15 டிகிரி வரை இறங்கும், கடல்காற்றில் இன்னும் குளிராகத் தெரியும். ஆளுக்கு ஒரு காற்றுத் தடுப்பு ஜாக்கெட் போதும். முதல் வாரத்தை மட்டும் முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். 2016-இல் அக்டோபர் 5ஆம் தேதி வந்த சாபா சூறாவளியில் ஹேயுண்டே பக்கத்து அடுக்குமாடிகளின் வாசல் வரை கடல் ஏறியது. அப்புறம், சூசொக் அறுவடைத் திருநாள் சந்திர நாள்காட்டிப்படி வருவதால் சில ஆண்டுகளில் அக்டோபருக்குள் விழும். அந்த நாட்களில் நாடே சொந்த ஊருக்குப் போகும், ரயிலில் இடம் இருக்காது. அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அக்டோபர் 9-உம் விடுமுறை. அது அவர்களுடைய ஹங்குல் எழுத்தைக் கொண்டாடும் நாள். 1446-இல் அறிவிக்கப்பட்ட எழுத்துக்காக ஒரு நாடு விடுமுறை விடுகிறது என்பது தமிழாசிரியரான உங்களுக்கு நிச்சயம் பிடிக்கும். அன்றைக்குத் தேஜானில் மகளோடு இருங்கள். பூசானுக்கு மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ போங்கள்.

தங்க குவாங்கல்லி. இரண்டு இரவும் ஒரே விடுதி, மாறவே வேண்டாம். பலரும் ஹேயுண்டே என்பார்கள். கடற்கரை அங்கே பெரிது, ஒன்றரை கிலோமீட்டர், விடுதிகளும் அதிகம். ஆனால் சனிக்கிழமை மேற்கே போய்த் திரும்பும்போது குவாங்கல்லி முன்னதாகவே வந்துவிடும். இரண்டாவது காரணம் அந்தப் பாலம். 2003-இல் திறந்த குவாங்கன் பாலம் கடலின் குறுக்கே 7.4 கிலோமீட்டர் ஓடுகிறது. குவாங்கல்லி மணலில் நின்றால் நேர் எதிரே அதுதான். இரவில் விளக்கு ஏறியதும் அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே பார்க்கலாம். நடக்க முடியாத நேரத்திலும் கடல் கூடவே இருக்கும். அதனால் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது கடல் பார்த்த அறையாக எடுங்கள். சனிக்கிழமை வாடகை ஏறும், ஆகவே இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். பெரிய பெட்டிகளைத் தேஜானில் மகள் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆளுக்கு ஒரு தோள்பை மட்டும் எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இதன் அருமை தெரியும்.

வெள்ளி. தேஜானிலிருந்து கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயிலில் பூசான் ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மணி நேரம். காலை எட்டு மணி சுமாருக்கு ஏறினால் பத்து மணிக்குள் இறங்கிவிடலாம். அங்கிருந்து டாக்சி எடுத்து விடுதியில் பையை வையுங்கள். மூன்று பேர் இருப்பதால் டாக்சி அப்படி ஒன்றும் ஆடம்பரமில்லை. மீட்டர் 4,800 வோனில் தொடங்கும், நம் பணத்தில் 300 ரூபாய்ச் சுற்று. பேரம் கிடையாது, மேலே கேட்கவும் மாட்டார்கள்.

கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி டாக்சியில் யோங்குங்சா. இந்தக் கோயிலை வெள்ளியன்று வைத்ததற்குக் காரணம் கூட்டம். சனி, ஞாயிறுகளில் அங்கே படிக்கட்டில் வரிசையாகத்தான் நகர முடியும். 1376-இல் நாவோங் என்ற துறவி நிறுவிய புத்தர் கோயில் அது. ஜப்பானியப் படையெடுப்பில் அழிந்து, 1930-களில் மறுபடி கட்டினார்கள். கொரியாவில் பெரும்பாலான கோயில்கள் மலைக்குள் இருக்கும். இது அலை மோதும் பாறையின் மேல் நிற்கிறது. அதனால்தான் அம்மாவுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கோயிலுக்கு 108 படி இறங்க வேண்டும், திரும்பும்போது அதையே ஏற வேண்டும். இறங்கும்போது சுலபமாகத் தோன்றும், அப்போதே முடிவெடுத்துவிடக் கூடாது. பாதியில் நின்று கடலைப் பாருங்கள். வலி தெரிந்தால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். கோயிலும் கடலும் பாதிப் படியிலிருந்தே நன்றாகத் தெரியும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

அங்கிருந்து டாக்சியில் சொங்ஜொங் கடற்கரை சில நிமிடம். சொங்ஜொங்கிலிருந்து மிப்போ வரை கடலை ஒட்டி ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. முன்பு கிழக்குக் கடற்கரை ரயில் போன பாதை அது. 2013-இல் ரயிலை உள்பக்கமாகத் திருப்பிவிட்டார்கள். சும்மா கிடந்த தண்டவாளத்தில் 4.8 கிலோமீட்டருக்கு 2020 முதல் இந்த ரயிலை விட்டிருக்கிறார்கள். எல்லா இருக்கையும் கடலைப் பார்த்தே போட்டிருக்கும், மெதுவாகப் போகும், அரை மணி நேரம் ஆகும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல கடற்கரை உலா நான் பார்த்ததில்லை. மகளின் பட்டியலில் இருப்பது மேலே தனித் தடத்தில் போகும் வண்ணக் கூண்டு வண்டி. படத்தில் அழகாக இருக்கும், விலை பல மடங்கு, இடமும் முன்கூட்டியே தீர்ந்துவிடும். கீழே போகும் ரயிலிலிருந்தும் அதே கடல்தான் தெரியும். கூண்டு வண்டியை விட்டுவிடுங்கள்.

மிப்போவில் இறங்கினால் ஹேயுண்டே மணல் தொடங்குகிறது. அதன் மறுகோடியில் டோங்பேக் என்ற சிறு தீவு. பெயர்தான் தீவு, இப்போது நிலத்தோடு சேர்ந்துவிட்டது. சுற்றி வரும் சாலை சமதரை. ஒன்பதாம் நூற்றாண்டில் ச்வே சிவோன் என்ற புலவர், பழைய கொரிய நாடான சில்லாவைச் சேர்ந்தவர், இங்கே வந்து, இடத்தின் அழகில் மயங்கித் தன் புனைபெயரைப் பாறையில் பொறித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவருடைய புனைபெயர் ஹேயுன், அதாவது கடல்மேகம். ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. பாறையெழுத்து இன்றும் இருக்கிறது. அம்மா கடற்கரையில் மகளோடு உட்காரட்டும், நீங்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். இருட்டியதும் இரண்டாம் தட மெட்ரோவில் குவாங்கன் நிலையம்.

சனி. காலை ஒன்பது மணிக்கெல்லாம் கம்ச்சொன் போய்விடுங்கள். முதல் தட மெட்ரோவில் தொசொங் நிலையம் வரை போய், அங்கிருந்து சிற்றுந்தோ டாக்சியோ பிடித்து நேரே மேலே ஏறிவிட வேண்டும். கீழிருந்து நடக்கவே கூடாது. மேலே முக்கியச் சாலையில் ஒரு நீள நடை போதும். பக்கத்துச் சந்துகள் எல்லாம் படிகள்.

படம் எடுக்கிற இடமாக மட்டும் கம்ச்சொன்னைப் பார்த்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1950-இல் கொரியப் போர் வந்தபோது வடகொரியப் படை பிடிக்காமல் மிஞ்சிய தென்கிழக்கு மூலையில்தான் பூசான் இருந்தது. நாடு முழுவதும் இருந்து அகதிகள் இங்கே வந்து குவிந்தார்கள். 1953 வரை பெரும்பகுதிக் காலம் நாட்டின் தற்காலிகத் தலைநகரமும் இதுதான். சமதரையில் இடம் ஏது? மலைச்சரிவில் பலகையும் தகரமும் வைத்து ஏறினார்கள். கம்ச்சொன் அப்படி எழுந்த குடியிருப்புகளில் ஒன்று; தேகுக்டோ என்ற சமயப் பிரிவினர் பலர் அங்கே குடியேறினார்கள். ஒரு வீடு பின்வீட்டின் பார்வையை மறைக்காமல் படிப்படியாக எழுந்தது. 2009-இல் அரசுக் கலைத் திட்டம் வந்த பிறகுதான் இந்த வண்ணமும் சிலைகளும். சற்றுத் தள்ளி அமிடோங்கில் ஜப்பானியர்களின் பழைய இடுகாட்டின் மேலேயே வீடு கட்ட வேண்டியிருந்தது. கல்லறைக் கற்களை அடித்தளமாக, படிக்கல்லாக வைத்தார்கள். இன்றும் சில சுவர்களின் அடியில் அவை தெரிகின்றன. கம்ச்சொன்னில் இப்போதும் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாமல், குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும்.

பதினொன்றரை வாக்கில் டாக்சியில் இறங்கி ஜகல்ச்சி. கொரியாவின் மிகப் பெரிய மீன் சந்தை. விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உயிர்மீனைத் தேர்ந்தெடுத்தால் மேலே வெட்டிச் சமைத்துத் தருவார்கள். மீன் விலை தனி, மேலே உட்கார்ந்து சாப்பிட ஆளுக்கு இவ்வளவு என்று தனி. இரண்டையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று மீன் தொட்டியிலிருந்து வெளியே வரும் முன்பே மகள் கேட்டுவிட வேண்டும். நான் உங்களுக்குச் சொல்வது அதுகூட இல்லை. சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் உப்புப் போட்டுச் சுட்ட மீன், சோறு, தொட்டுக்கொள்ள ஐந்தாறு கிண்ணம் என்று சாப்பாடு தருகிற சின்னக் கடைகள் இருக்கின்றன. பச்சை மீனைவிட அதுதான் உங்கள் நாக்குக்கு ஒத்துவரும். அம்மாவின் சாப்பாட்டைத் தனியாகச் சொல்கிறேன்.

சரியாக இரண்டு மணிக்கு யங்டோ பாலத்துக்குப் பக்கத்தில் இருங்கள். ஜகல்ச்சியிலிருந்து நடக்கும் தூரம். 1934-இல் கட்டிய தூக்குப் பாலம் அது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மட்டும் அதன் ஒரு பகுதியைத் தூக்குகிறார்கள், கால் மணி நேரம். நான் சனியை மேற்குக்கு ஒதுக்கியதே இதற்காகத்தான். போரில் ஓடி வந்த குடும்பங்கள் பிரிய நேர்ந்தால், ‘பூசானில் யங்டோ பாலத்தடியில் சந்திப்போம்’ என்று சொல்லிவிட்டுப் பிரிந்தார்கள். தெரியாத ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் இது ஒன்றுதான். பாலத்தடியில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. இன்றும் பாலம் மேலெழும்போது வயதானவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே நிற்கும்போது துறைமுகத்துப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். 1950 நவம்பரில் இந்திய ராணுவத்தின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு இந்தத் துறைமுகத்தில்தான் வந்திறங்கியது. தலைமை தாங்கி வந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். கொரியப் பணிக்காக அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது. பூசானோடு நமக்கு ஐயமில்லாத ஒரு தொடர்பு வேண்டுமென்றால் இவரைச் சொல்லலாம்.

பிறகு போசுடோங் பழைய புத்தகச் சந்து. அகதிகள் கையில் இருந்த புத்தகங்களையும் அமெரிக்க முகாமில் கழித்த பத்திரிகைகளையும் விற்றுத் தொடங்கிய தெரு இது. அகதிப் பள்ளிகளும் தற்காலிகக் கல்லூரிகளும் அருகிலேயே இருந்ததால் மாணவர்கள் அங்கே பாடநூல் வாங்கவும் விற்கவும் வந்தார்கள். கொரிய எழுத்து தெரியாவிட்டாலும் உங்களுக்கு அங்கே அரை மணி நேரம் போவதே தெரியாது. போகிற வழியில் திரைப்பட விழா சதுக்கத்தில் ஹோத்தொக் விற்பார்கள்: சுட்ட மாவு உருண்டையைப் பிளந்து வெல்லப் பாகும் சூரியகாந்தி விதையும் அடைத்தது. அம்மா தயங்காமல் சாப்பிடலாம். சூடு மட்டும் கவனம், பாகு நாக்கைச் சுட்டுவிடும்.

ஐந்து மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். சனி இரவு குவாங்கல்லிக் கடல்மேல் நூற்றுக்கணக்கான டிரோன்களை ஏற்றி வானத்தில் உருவம் காட்டுகிறார்கள். 2022 முதல் வாரந்தோறும் நடக்கிறது, காற்று பலமாக இருந்தால் ரத்து. நேரம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் மகள் அன்று காலையில் பார்த்துக்கொள்ளட்டும். கூட்டம் மணலில் நெருக்கியடிக்கும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, அறையிலிருந்தே தெரியும்.

ஆக, சொங்டோ கேபிள் கார், தேஜொங்தே பாறைமுனை, கண்ணாடித் தரை நடைமேடை, 101 மாடிக் கட்டடத்தின் உச்சி, பெரிய வணிக வளாகம், ஓவியச் சுவர்த் தெருக்கள் எல்லாம் போய்விட்டன. தேஜொங்தேயை அடித்தபோது மட்டும் எனக்கே மனசு கேட்கவில்லை. தெளிந்த நாளில் அங்கிருந்து ஜப்பானின் சுஷிமா தீவு தெரியும். ஆனால் ஏற்ற இறக்கம் அதிகம், அரை நாளை விழுங்கிவிடும். உங்கள் மகள் நண்பர்களோடு பிறகு போய்க்கொள்ளலாம்.

இனி அம்மாவின் சாப்பாடு. இதை எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொரியாவில் ‘இறைச்சி இல்லை’ என்று சொன்னால் மீனும் முட்டையும் உண்டு என்றே கடைக்காரர் எடுத்துக்கொள்வார், அவர் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம். காய்கறி சூப் போலத் தெரிவதன் குழம்பு நெத்திலியில் கொதித்தது. கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். கிம்பாப் உருளையில் ஹாம், முட்டை, மீன் கேக் வழக்கமாக இருக்கும். பூசானின் பெருமையான தேஜி குக்பாப் பன்றி எலும்புச் சாறு. அகதிகள் பக்வீட் என்ற தானியத்துக்குப் பதிலாக உதவியாக வந்த கோதுமை மாவில் உருவாக்கிய மில்ம்யொன் குளிர்நூடுல்ஸின் குழம்பும் இறைச்சியில் செய்ததுதான்.

பிபிம்பாப்தான் கைகொடுக்கும்: சோற்றின் மேல் வதக்கிய காய்கள், கீரை, முளைகட்டிய பயறு. ‘கோகி ப்பே ஜுசேயோ’ என்றால் இறைச்சியை எடுத்துவிடுங்கள், ‘கேரான் ப்பே ஜுசேயோ’ என்றால் முட்டையை எடுத்துவிடுங்கள். மிளகாய் விழுதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மகள் இதையெல்லாம் கொரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் பையில் வைக்கட்டும். மீன் சாறும் நெத்திலிக் குழம்பும் வேண்டாம் என்ற வரியும் சேர்த்து. ஹேயுண்டே பக்கம் இந்திய உணவகங்கள் இருக்கின்றன, ஒரு வேளைக்கு ஆகும். எல்லாவற்றையும்விட நம்பிக்கையானது திருச்சியிலிருந்து கொண்டுபோகும் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய். தெருவுக்குத் தெரு இருக்கும் 24 மணி நேரக் கடைகளில் வெந்த சோற்றை மூடிய கிண்ணத்தில் விற்கிறார்கள், கடை மைக்ரோவேவிலேயே ஒன்றரை நிமிடத்தில் சூடாகிவிடும். தயிரும் கிடைக்கும், இனிப்புச் சேர்க்காததா என்று பார்த்து எடுக்க வேண்டும். பழம், பச்சைக் கறிவேப்பிலை, இறைச்சி சேர்ந்த எதுவும் விமான நிலையத்தில் விடமாட்டார்கள்.

மகளுக்கு இன்னும் இரண்டு சொல்: நடக்கும் வழிக்கு அங்கே கூகுள் மேப் சரிவராது, நேவர் மேப்பையே பார்க்கட்டும். மெட்ரோவில் ஒவ்வொரு வாசலுக்கும் எண் உண்டு, எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. லிஃப்ட் உள்ள வாசல் எண்ணைக் கிளம்பும் முன்பே பார்த்து வைத்தால் அம்மாவுக்குப் பல படி மிச்சம். தேஜானில் அவர் பயன்படுத்தும் பயண அட்டையே பூசானிலும் செல்லும்.

கடைசியாக நீங்கள் கேட்டது.

போகலாம் ஐயா, கண்டிப்பாகப் போக வேண்டும். அதற்காகத்தான் ஞாயிறை ஒதுக்கினேன். ஆனால் நீங்கள் தமிழாசிரியர், மூலம் எது என்று கேட்டுப் பழகியவர். அதனால் மூலம் சொல்வதை அப்படியே சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற புத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யுசா’ என்ற நூலில் இந்தக் கதை வருகிறது. பொது ஆண்டு 48-இல் ஆயுதா என்ற நாட்டின் இளவரசி 16 வயதில் கப்பலேறி வந்து, கிம்ஹே பகுதியில் இருந்த கயா நாட்டு அரசர் சூரோவை மணந்தாள். பெயர் ஹோ ஹ்வாங்-ஓக். ‘ஹ்வாங்-ஓக்’ என்றால் மஞ்சள் நிற மணிக்கல். ஆயுதா எங்கே என்பதற்கு அந்த நூலில் வேறு குறிப்பு இல்லை. அயோத்தி என்று கொள்பவர்கள் அதிகம். 2001-இல் அயோத்தியில் அவருக்கு நினைவிடமும் எழுப்பினார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு என்பது நம்மவர் சிலரின் ஊகம். செம்பவளம் என்ற பெயர் கொரிய நூலில் இல்லை, நாம் சூட்டியது. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருப்பதையும் மறக்கக் கூடாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போனாலும் அந்த இடம் மனத்தைத் தொடும். குவாங்கனிலிருந்து இரண்டாம் தட மெட்ரோவில் மாறாமல் சசாங் வரை போய், அங்கே கிம்ஹே செல்லும் இலகு ரயிலில் ஏறி அருங்காட்சியக நிலையத்தில் இறங்குங்கள். முதலில் கிம்ஹே தேசிய அருங்காட்சியகம், நுழைவு இலவசம். கயா நாட்டின் செல்வம் இரும்பு. இரும்புப் பாளங்களும் போர்க்கவசமும் அங்கே வரிசையாக இருக்கின்றன. இப்படி ஒரு நாடு கடல் வணிகம் செய்தது என்பது கண்ணால் பார்த்தால்தான் பதியும். இந்தக் கயாக் கல்லறை மேடுகளின் ஏழு தொகுதிகளை 2023-இல் யுனெஸ்கோ தன் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது, அவற்றில் ஒன்று கிம்ஹேயில் இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குப் பின்னாலுள்ள சிறு குன்றை அடுத்து அரசியின் கல்லறை. புல் மூடிய வட்ட மண்மேடு, முன்னால் ஒரு கல்வெட்டு, சுற்றிலும் மரங்கள். உள்ளே போக வழி கிடையாது. பக்கத்தில் சிறு மண்டபத்தில் தேய்ந்துபோன செந்நிறக் கற்களை அடுக்கிய ஒரு கோபுரம் நிற்கிறது. கடல் சீறாமலிருக்க அவள் கப்பலில் ஏற்றி வந்த கல் என்பது கதை. அம்மாவுக்கு நடக்க முடியாவிட்டால் அங்கிருந்து டாக்சியில் அரசர் சூரோவின் கல்லறைக்குப் போய்விடலாம், பக்கம்தான். அதன் வாயிலில் எதிரெதிரே இரண்டு மீன்கள் வரைந்திருக்கும். பார்த்ததும் பாண்டியர் கொடிதான் உங்களுக்கு நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. அந்த வாயில் பிற்காலத்தில் கட்டியது என்பதால் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கிம்ஹேயின் கிம் குலத்தவரும் ஹோ குலத்தவரும் இந்த இருவரையும் தங்கள் முன்னோராகக் கொண்டு, தங்களுக்குள் மண உறவு கொள்ளாத வழக்கம் வைத்திருக்கிறார்கள். அவள் எந்த ஊர்க்காரியாக இருந்தாலும், அந்தக் குடும்பங்களுக்கு அவள் பாட்டி.

இன்னொன்றையும் அங்கே கவனிப்பீர்கள். மகள் உங்களை ‘அப்பா’ என்று கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கும் கொரியர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்களுக்கும் அப்பா அப்பாதான்.

திரும்பும் வழிக்கு மறுபடி பூசான் ரயில் நிலையம் வரை போகத் தேவையில்லை. இலகு ரயிலில் தேஜோ என்ற நிலையத்தில் இறங்கி மூன்றாம் தட மெட்ரோ மாறினால் நாலே நிறுத்தத்துக்குள் குப்போ வந்துவிடும். அங்கே வெளியே வந்தால் குப்போ ரயில் நிலையம். தேஜான் போகும் கேடிஎக்ஸ் ரயில்களில் சில மட்டும்தான் குப்போவில் நிற்கும். பழைய பாதையில் போவதால் நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் ஊரின் குறுக்கே மறுபடி போகும் அலைச்சல் இல்லை. டிக்கெட் அந்தந்தப் பயண நாளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பு திறக்கும். ஞாயிறு மாலைக் குப்போ ரயிலுக்குத் திறக்கும் அன்றைக்கே மகள் அதைப் பிடித்துவிடட்டும். வெள்ளிக் காலை ரயில் கிடைக்காவிட்டால் அடுத்தது இருக்கும், குப்போ ரயில் அப்படி இல்லை.